போலா: மாட்டபான் இரவில் சுடாமல் நின்ற கப்பல்

கேள்வி இதுதான்: "இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய இத்தாலியக் குரூசர் 'போலா'வின் மாலுமிகள் குடித்துவிட்டுக் கிடந்தார்கள், ஒரு குண்டுகூடச் சுடாமல் சரணடைந்தார்கள், அவர்களைக் காப்பாற்ற வந்த கப்பல்களும் சேர்ந்து அழிந்தன என்று படித்தேன். எவ்வளவு தூரம் உண்மை? அந்தக் கப்பலின் கதையை முழுதாகச் சொல்ல முடியுமா?"

சுடவில்லை என்பது உண்மை. காப்பாற்ற வந்த கப்பல்கள் அழிந்ததும் உண்மை. தளத்தில் மது பாட்டில்கள் கிடந்ததாகவும் சிலர் தள்ளாடியதாகவும் ஆங்கிலேய மாலுமிகள் சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆனால் "குடித்தார்கள், அதனால் சுடவில்லை" என்று முடிச்சுப் போடுவதுதான் தவறு. கிரீஸின் தென்முனையான மாட்டபானின் பெயரால் அழைக்கப்படும் சண்டை அது. சுட முடியாத நிலை 1941 மார்ச் 28 மாலை சுமார் 7:50க்கே வந்துவிட்டது. ஆங்கிலேயர்கள் அந்தத் தளத்தைப் பார்த்தது மறுநாள் அதிகாலை மூன்று மணிக்கு மேல். நடுவில் ஏழு மணி நேரம் இருக்கிறது. வென்றவர்கள் கடைசி அரை மணியை மட்டும் பார்த்து எழுதியது அப்படியே வரலாறாகிவிட்டது.

கப்பலிலிருந்து தொடங்குகிறேன். கடற்படை வல்லரசுகள் செய்துகொண்ட 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் குரூசர்களுக்கு (பெரும் போர்க்கப்பலுக்கு அடுத்த அளவிலான வேகமான கப்பல்களுக்கு) 10,000 டன் எடை, 203 மில்லிமீட்டர் பீரங்கி என்று வரம்பு போட்டது. இத்தாலி அந்த வரம்புக்குள் முதலில் கட்டிய 'ட்ரெண்டோ' வகுப்புக் கப்பல்கள் வேகமானவை, ஆனால் பக்கவாட்டுக் கவசம் வெறும் 70 மில்லிமீட்டர். எதிரியின் குரூசர் சுட்டால் தாங்காது என்ற குறை எழுந்தது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 'ஸாரா' வகுப்பு: ஸாரா, ஃபியூமே, கோரிட்சியா, போலா என நான்கு சகோதரிகள். பக்கவாட்டில் 150 மில்லிமீட்டர் கவசம். இரண்டிரண்டு பீரங்கிகள் கொண்ட சுழல் கோபுரங்கள் நான்கில் எட்டு 203 மில்லிமீட்டர் பீரங்கிகள், அவற்றோடு பதினாறு 100 மில்லிமீட்டர் பீரங்கிகள். வேகம் சுமார் 32 நாட். டார்பிடோக் (நீருக்கடியில் பாய்ந்து போய் வெடிக்கும் ஆயுதம்) குழாய்கள் கிடையாது. அந்தக் காலத்துக் கனரகக் குரூசர்களில் இவ்வளவு தடித்த கவசம் போட்டவை மிகக் குறைவு.

இவ்வளவையும் 10,000 டன்னுக்குள் அடக்க முடியுமா? முடியாது. போலாவின் எடை ஏறத்தாழ 11,500 டன். இத்தாலி வாயைத் திறக்கவில்லை. 1936இல் கோரிட்சியாவில் விமானப் பெட்ரோல் ஆவி வெடித்து, பழுது பார்க்க ஜிப்ரால்டரில் ஆங்கிலேயரின் உலர்துறைக்கே போக வேண்டியதாயிற்று. கப்பல் வரம்பை மீறியது என்பதை ஆங்கிலேயர்கள் அங்கே கண்டுகொண்டார்கள். அதற்காகப் பெரிய ரகளை எதுவும் நடக்கவில்லை. அந்தக் கட்டத்தில் ஒப்பந்தத்தை நேர்மையாக மதித்த நாடுகளே குறைவு.

போலா லிவோர்னோ நகரின் கப்பல் கட்டும் தளத்தில் உருவானது. 1931 மார்ச்சில் அடிக்கட்டை போட்டார்கள், அதே ஆண்டு டிசம்பரில் நீரில் இறக்கினார்கள், 1932 டிசம்பரில் கடற்படையில் சேர்ந்தது. (லிவோர்னோவை நினைவில் வையுங்கள், இன்னொரு காரணத்துக்காக மறுபடி வரும்.) தளபதிக் கப்பலாக இயங்குவதற்கென்றே இதன் கட்டளை மேடையைச் சற்றுப் பெரிதாக்கி, முன் புகைபோக்கியோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். புகைப்படத்தில் நான்கு சகோதரிகளில் இதை அடையாளம் காண அதுதான் வழி.

போருக்கு முந்தைய ஆண்டுகளில் சொல்ல அதிகமில்லை: பயிற்சி, அணிவகுப்பு, 1939 ஏப்ரலில் அல்பேனியா மீதான படையெடுப்புக்குத் துணை. இத்தாலி 1940 ஜூன் 10 அன்று போரில் இறங்கியபோது போலா இரண்டாம் அணியின் தளபதி அட்மிரல் ரிக்கார்டோ பலதினியின் கொடிக்கப்பல். ஒரே மாதத்தில், ஜூலை 9 அன்று, கலாப்ரியா கரைக்கு அப்பால் இத்தாலியக் கடற்படையும் ஆங்கிலேயக் கடற்படையும் நேருக்கு நேர் மோதின. இத்தாலியர்கள் அதைப் புண்டா ஸ்டிலோ சண்டை என்கிறார்கள். போலாவுக்கு அடி விழவில்லை. தீர்மானமான வெற்றி யாருக்கும் இல்லை. ஆனால் இத்தாலியப் பீரங்கிகளின் ஒரு நோய் அங்கேயே தெரிந்தது: தூரம் சரி, திசை சரி, ஆனால் ஒரே வீச்சில் போன குண்டுகள் பரந்து சிதறி விழும். கோபுரத்தில் இரண்டு குழாய்களையும் ஒரே தொட்டிலில் மிக நெருக்கமாக வைத்தது ஒரு காரணம். குண்டுகளும் வெடிமருந்துப் பொதிகளும் ஒரே எடையில் இல்லாதது இன்னொன்று. எவ்வளவு தேர்ந்த குறியாளரும் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பலதினிக்குப் பின் அணியின் பொறுப்புக்கு வந்தவர் அட்மிரல் ஆஞ்சலோ இயாக்கினோ. இவர் பெயரை மறக்காதீர்கள். 1940 நவம்பர் 11 இரவு டாரண்டோ துறைமுகத்தில் ஆங்கிலேய ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் மூன்று பெரும் போர்க்கப்பல்களை டார்பிடோவால் அடித்தபோது போலா அங்கேதான் நின்றது, கீறல்கூட இல்லை. நவம்பர் 27 அன்று சார்டினியாவுக்குத் தெற்கே டியுலாடா முனைச் சண்டையில் இயாக்கினோ போலாவிலிருந்தபடியே குரூசர்களை வழிநடத்தினார். அன்று ஆங்கிலேயக் குரூசர் 'பெர்விக்' மீது இத்தாலியக் குண்டுகள் விழுந்து ஒரு கோபுரம் செயலிழந்தது. இத்தாலியக் குரூசர்களுக்கு அது மோசமான நாள் அல்ல. டிசம்பர் 14 அன்று நேப்பிள்ஸில் போலாவின் அதிர்ஷ்டம் தீர்ந்தது: மால்டாவிலிருந்து வந்த விமானங்களின் குண்டு பட்டு, கொதிகலன்கள் சேதமாகி, நீர் புகுந்தது. பழுது பார்த்துத் திரும்பக் குளிர்காலம் கடந்தது. இதற்கிடையே இயாக்கினோ முழுக் கடற்படைக்கும் தலைமைத் தளபதியாகிவிட்டார்.

இனி மார்ச் 1941. கிரீஸுக்கு ஆங்கிலேயர்கள் அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து படைகளைக் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் ஏன் தடுக்கவில்லை?" என்று ஜெர்மானியர்கள் இத்தாலியர்களை நெருக்கினார்கள். மார்ச் 16 அன்று தங்கள் விமானங்கள் இரண்டு ஆங்கிலேயப் பெரும் போர்க்கப்பல்களை முடக்கிவிட்டதாகவும் சொன்னார்கள். அது பொய்ச் செய்தி. எந்தக் கப்பலும் முடங்கவில்லை. வானிலிருந்து பாதுகாப்புத் தருவோம் என்றும் வாக்குக் கொடுத்தார்கள். அதுவும் வரவில்லை. இந்த இரண்டையும் நம்பி மார்ச் 26 அன்று இத்தாலியக் கடற்படை புறப்பட்டது: நேப்பிள்ஸிலிருந்து இயாக்கினோவின் 'விட்டோரியோ வெனெட்டோ' என்ற புதிய பெரும் போர்க்கப்பல், மெசினாவிலிருந்து ட்ரியெஸ்தே, ட்ரெண்டோ, போல்ஸானோ, பிரிந்திசியிலிருந்து அப்ருட்ஸி, கரிபால்டி, டாரண்டோவிலிருந்து அட்மிரல் கார்லோ கட்டானியோவின் கீழ் ஸாரா, போலா, ஃபியூமே. போலாவின் கேப்டன் மன்லியோ தே பீசா.

கிளம்பும் முன்பே விஷயம் வெளியே போயிருந்தது. இங்கிலாந்தில் எதிரியின் மறைகுறிகளை உடைக்கும் மையமான பிளெட்ச்லி பார்க்கில் டில்லி நாக்ஸின் குழுவில் இருந்த மேவிஸ் லீவர் என்ற இளம்பெண் இத்தாலியக் கடற்படை எனிக்மா என்ற மறைகுறி இயந்திரத்தால் அனுப்பிய செய்திகளை உடைத்திருந்தார். ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது, நாள் குறித்தாயிற்று என்பது மத்தியதரைக் கடலில் ஆங்கிலேயக் கடற்படையின் தளபதி அட்மிரல் கன்னிங்ஹாமுக்குத் தெரிந்துவிட்டது. மார்ச் 27 மதியம் ஒரு சண்டர்லாந்து கடல்விமானம் சிசிலிக்குக் கிழக்கே இத்தாலியக் குரூசர்களைக் கண்டு தகவல் சொன்னது; அதற்குப் பிறகு "எப்படித் தெரிந்தது?" என்று யாரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. அலெக்ஸாண்ட்ரியாவில் இருந்த ஜப்பானியத் துணைத்தூதர் கப்பல்களின் போக்குவரத்தைக் கவனித்துச் செய்தி அனுப்புவார் என்று தெரிந்து, கன்னிங்ஹாம் அன்று பிற்பகல் கோல்ஃப் மட்டைகளும் இரவு தங்குவதற்கான பெட்டியுமாகக் கரைக்குப் போய் எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டு, இருட்டும் நேரத்தில் கப்பலுக்குத் திரும்பினார். ஏழு மணிக்கு வார்ஸ்பைட், வேலியன்ட், பார்ஹாம் ஆகிய மூன்று பெரும் போர்க்கப்பல்களும் விமானந்தாங்கிக் கப்பல் 'ஃபார்மிடபிள்'உம் துறைமுகத்தை விட்டு நகர்ந்தன.

மார்ச் 28 காலை கிரீட்டுக்குத் தெற்கே கவ்தோஸ் தீவின் பக்கம் முதல் மோதல். அதில் போலாவுக்கு வேலையில்லை. பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன்பு, ஃபார்மிடபிளிலிருந்து வந்த டேலியல்-ஸ்டெட் என்ற விமானி மிக நெருங்கி வந்து வெனெட்டோவின் பின்பகுதியில் டார்பிடோவை அடித்தார். அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வெனெட்டோவுக்குள் சுமார் 4,000 டன் நீர் புகுந்தது. கொஞ்ச நேரம் நின்றே போய், அப்புறம் மெதுவாக வேகம் பிடித்து வீடு நோக்கித் திரும்பியது. மற்ற குரூசர்களையும் டெஸ்ட்ராயர்கள் என்ற சிறிய, வேகமான போர்க்கப்பல்களையும் இருபுறமும் வரிசை வரிசையாக நிறுத்தி இயாக்கினோ அதற்கு வேலி கட்டினார். போலா அந்த வேலியில் ஒரு கம்பி.

பொழுது சாயும் நேரம் மறுபடி விமானங்கள் வந்தன. ஃபார்மிடபிளின் அல்பகோர் விமானங்களோடு கிரீட்டின் மலெமேயிலிருந்து இரண்டு ஸ்வார்ட்ஃபிஷ்களும் சேர்ந்துகொண்டன. இத்தாலியக் கப்பல்கள் புகைத்திரை போட்டு, தேடுவிளக்குகளை எரித்து, எல்லாத் துப்பாக்கிகளாலும் சுட்டன. அந்தக் களேபரத்தில் முன்னால் போன ஃபியூமே மீது மோதாமலிருக்க போலா வேகத்தை வெகுவாகக் குறைக்க நேர்ந்தது. அப்போதுதான் வலப்பக்க நடுவில், எஞ்சின் அறையும் கொதிகலன் அறைகளும் சேருமிடத்தில் டார்பிடோ விழுந்தது. அடித்த விமானி யார் என்பதில் வில்லியம்ஸ், டோரன்ஸ்-ஸ்பென்ஸ் என்ற இரண்டு பெயர்களும் சொல்லப்படுகின்றன.

ஒரே ஒரு டார்பிடோ. இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும், கேள்விக்கான பதிலில் பாதி இங்கேதான் இருக்கிறது. ஒரு டார்பிடோவில் ஒரு குரூசர் செத்தே ஆக வேண்டும் என்றில்லை. அதே ஆண்டு கரிபால்டி, போல்ஸானோ, ட்ரியெஸ்தே, அப்ருட்ஸி எல்லாம் டார்பிடோ வாங்கியும் துறைமுகம் போய்ச் சேர்ந்தன. போலாவிலோ அடி விழுந்த இடம் அப்படி. மூன்று பெரிய அறைகள் நீரில் நிறைந்தன. நீராவி போயிற்று, நீராவி போனதால் மின்சாரம் போயிற்று. மின்சாரம் இல்லையென்றால் 203 மில்லிமீட்டர் கோபுரம் திரும்பாது, குண்டு மேலே ஏறாது, நீரை வெளியேற்றும் பம்புகள் ஓடாது, விளக்கு எரியாது. 150 மில்லிமீட்டர் கவசம் எதிரியின் பீரங்கியை நினைத்துப் போட்டது. நீர்மட்டத்துக்குக் கீழே வரும் டார்பிடோவுக்கு எதிராக ஒப்பந்தக் காலக் குரூசர்கள் பெரும்பாலானவற்றில் பெரிய ஏற்பாடு இருந்ததில்லை. கப்பல் மூழ்கவும் இல்லை, நகரவும் இல்லை. இருட்டில் அப்படியே நின்றது.

மற்றவை அதைக் கவனிக்காமல் மேற்கே போய்க்கொண்டிருந்தன. செய்தி தெரிந்ததும் கட்டானியோ இரண்டு டெஸ்ட்ராயர்களைத் திருப்பி அனுப்பலாமா என்று கேட்டார். இயாக்கினோவின் கட்டளை வேறாக இருந்தது: முதல் பிரிவு முழுவதும், அதாவது ஸாராவும் ஃபியூமேவும் நான்கு டெஸ்ட்ராயர்களும், திரும்பிப் போய் போலாவுக்கு உதவ வேண்டும். இரவு ஒன்பது மணியளவில் அவை திரும்பின.

இந்த முடிவைப் பற்றி இத்தாலியில் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. இயாக்கினோ தரப்பு வாதம் இது: ஆயிரம் பேருக்குச் சற்றுக் குறைவான ஆட்கள் இருக்கும் ஒரு கனரகக் குரூசரைக் கைவிட முடியாது, இழுத்துச் செல்வதா, மூழ்கடிப்பதா என்று இடத்திலேயே தீர்மானிக்க ஓர் அட்மிரல் வேண்டும், எதிரியின் பெரும் போர்க்கப்பல்கள் மிகத் தொலைவில் இருப்பதாகவே தகவல். கடைசி வாதத்தில்தான் ஓட்டை. ஆங்கிலேயர்களின் வானொலிச் சமிக்ஞை எங்கிருந்து வருகிறது என்று அளந்து, மாலை 5:45 நிலவரப்படி எதிரியின் தளபதிக் கப்பல் 75 மைல் தூரத்தில் இருப்பதாக ரோமிலிருந்த கடற்படைத் தலைமையகம் அவருக்குச் சொல்லியிருந்தது. விமானங்கள் அனுப்பிய வேறு தகவல்களை அவர் அதைவிட நம்பினார். ஜெர்மானியர் சொன்ன "இரண்டு கப்பல் முடங்கியது" என்ற செய்தியும் மனதில் இருந்திருக்கும். என் அபிப்பிராயம்: உதவிக்கு ஆள் அனுப்பியதில் தவறில்லை, இரண்டு கனரகக் குரூசர்களை அனுப்பியதில்தான் தவறு. கட்டானியோ கேட்டபடி இரண்டு டெஸ்ட்ராயர்கள் போயிருந்தால் போலாவின் ஆட்களை ஏற்றிக்கொண்டு, கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்துவிட்டுத் திரும்ப நல்ல வாய்ப்பு இருந்தது.

கட்டானியோ மீதும் கேள்வி உண்டு. டெஸ்ட்ராயர்களை முன்னே அனுப்பித் துழாவாமல், ஸாரா முதலில், ஃபியூமே அடுத்து, டெஸ்ட்ராயர்கள் பின்னால் என ஒற்றை வரிசையில் போனார். ஏன் என்று அவர் வந்து சொல்லவே இல்லை. அன்றிரவு ஸாராவோடு போய்விட்டார்.

இதற்குள் ஆங்கிலேய ராடார்கள் இருட்டில் அசையாமல் நிற்கும் ஒரு பெரிய கப்பலைக் கண்டுவிட்டன. முதலில் முன்னணிக் குரூசர்கள், பிறகு பத்து மணிக்குச் சற்றுப் பின் வேலியன்ட். கன்னிங்ஹாம் அது வெனெட்டோவாக இருக்கலாம் என்று நினைத்துத் தன் மூன்று பெரும் கப்பல்களையும் அதை நோக்கித் திருப்பினார். போலா இப்படித்தான், தனக்குத் தெரியாமலே, தூண்டிலில் மாட்டிய இரையானது. 10:25 அளவில், கன்னிங்ஹாமின் அலுவலர் தலைவர் எடெல்ஸ்டன் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, தங்களுக்கு முன்னால் குறுக்கே இரண்டு பெரிய கப்பல்கள் போவதைக் கண்டார். அவை ஸாராவும் ஃபியூமேவும். தூரம் நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. 15 அங்குலப் பீரங்கிக்கு அது தூரமே இல்லை.

'கிரேஹவுண்ட்' என்ற டெஸ்ட்ராயர் தேடுவிளக்கைப் போட்டது. ஒளியில் தெரிந்த இத்தாலியப் பீரங்கிகள் முன்னும் பின்னும் நேராக, ஓய்வு நிலையில் இருந்தன. வார்ஸ்பைட்டின் முதல் வீச்சின் ஆறு குண்டுகளில் ஐந்து ஃபியூமே மீது விழுந்தன என்று கன்னிங்ஹாம் எழுதியிருக்கிறார். சில நிமிடங்களில் இரண்டு குரூசர்களும் தீப்பந்தங்களாயின. வேலியன்ட்டில் தேடுவிளக்கை இயக்கியவர்களில் ஒருவர், பிற்காலத்தில் எலிசபெத் அரசியை மணந்த பிலிப். ஃபியூமே பதினொரு மணிக்குப் பின் மூழ்கியது. ஆல்ஃபியேரி, கார்டுச்சி என்ற டெஸ்ட்ராயர்களும் போயின. அடிபட்ட நிலையிலும் ஆல்ஃபியேரி திருப்பிச் சுட்டது. ஒரியானி அடிபட்டுத் தப்பியது, ஜியோபெர்டி தப்பியது.

இத்தாலியப் பீரங்கிகள் ஏன் ஓய்வு நிலையில் இருந்தன? சோம்பலால் அல்ல. பெரிய கப்பல்கள் இரவில் சண்டையிடுவதில்லை என்பது அவர்கள் கடற்படையின் கொள்கையாகவே இருந்தது. இரவுச் சண்டை டெஸ்ட்ராயர்களின் வேலை. கனரகப் பீரங்கிகளுக்கு இரவில் ஆள் நிற்பதில்லை, சுடும்போது வெளிச்சம் எழாத வெடிமருந்தும் அவற்றுக்கு இல்லை. எதிர்த்தரப்பிலோ கன்னிங்ஹாமின் கடற்படை இரவுச் சண்டையைப் பல ஆண்டுகளாகப் பயின்று வந்தது. ராடார் கையிலிருந்தது கூடுதல் பலம்.

இப்போது போலாவின் தளத்துக்கு வருவோம். ஆட்களின் பார்வையிலிருந்து நினைத்துப் பாருங்கள். மூன்று மணி நேரமாகக் கும்மிருட்டு. கப்பல் லேசாகச் சாய்ந்திருக்கிறது. உதவி வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். தூரத்தில் பெரிய கப்பல்களின் நிழல் தெரிந்தபோது, நம்மவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்று நம்பி, தங்கள் இருப்பிடத்தைக் காட்ட போலாவிலிருந்து ஒரு சிவப்பு ஒளிக்குண்டு விட்டதாகச் சொல்கிறார்கள். அடுத்த சில நிமிடங்களில் கண்ணெதிரே சகோதரிக் கப்பல்கள் இரண்டும் எரிகின்றன. சுட முடியாது, ஓட முடியாது. அடுத்து நாம்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நள்ளிரவு தாண்டி 'ஹாவொக்' என்ற டெஸ்ட்ராயர் வந்து சில குண்டுகள் சுட்டது. கப்பலில் தீ பிடித்தது. பலர் கடலில் குதித்தார்கள். மார்ச் மாதத்து நீர் சில்லென்றிருந்தது. கப்பல் மூழ்கவில்லை, யாரும் மேற்கொண்டு சுடவும் இல்லை என்று கண்டு சிலர் மறுபடி ஏறினார்கள். நனைந்த உடைகளைக் கழற்றி, உடல் சூடேற கிடைத்த மதுவைக் குடித்தார்கள். இத்தாலியத் தரப்பு விளக்கம் இதுதான், எனக்கும் இதை நம்பாதிருக்கக் காரணம் தெரியவில்லை. கட்டுப்பாடு தளர்ந்தது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எப்போது தளர்ந்தது என்பதுதான் முக்கியம்: கப்பலால் செய்யக்கூடியது ஒன்றும் மிச்சமில்லாதபோது.

ஹாவொக் ஒரு வேடிக்கையும் செய்தது. நிற்பது வெனெட்டோவைப் போன்ற 'லிட்டோரியோ' வகைப் பெரும் போர்க்கப்பல் என்று முதலில் தகவல் அனுப்பிவிட்டது. பிறகுதான் குரூசர் என்று திருத்தியது. அதற்குள் சுமார் அறுபது மைல் தள்ளி வெனெட்டோவைத் தேடிப் போய்க்கொண்டிருந்த கேப்டன் மேக்கின் எட்டு டெஸ்ட்ராயர்கள் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. சண்டையில் இல்லாத கப்பல்கள் வடகிழக்கே விலக வேண்டும் என்று கன்னிங்ஹாம் இட்ட கட்டளையால் முன்னணிக் குரூசர்களும் துரத்தலை விட்டிருந்தன. வெனெட்டோ தப்பித்து டாரண்டோ போய்ச் சேர்ந்தது. அதைப் பிடிக்கத்தான் அத்தனை ஏற்பாடும்.

திரும்பி வந்த மேக்கின் 'ஜெர்விஸ்' வழியில் ஸாராவை முடித்துவிட்டு, மூன்று மணிக்கு மேல் போலாவின் பக்கத்திலேயே வந்து அணைந்தது. கேப்டன் தே பீசாவும் சுமார் 260 பேரும் பலகை வழியாக மாறி ஏறினார்கள். கப்பலை அலெக்ஸாண்ட்ரியாவுக்கு இழுத்துப் போகலாமா என்ற யோசனைகூட எழுந்தது. விடிந்தால் ஜெர்மானிய விமானங்கள் வரும் என்பதால் கைவிட்டார்கள். ஜெர்விஸும் 'நுபியன்'உம் டார்பிடோ போட, நான்கு மணியளவில் போலா மூழ்கியது. அதன் ஆட்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காப்பாற்ற வந்த ஸாராவிலும் ஃபியூமேவிலும் இறந்தவர்கள் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல், ஒவ்வொன்றிலும். அன்றிரவு இத்தாலி இழந்த மொத்த உயிர்கள் 2,300க்கும் அதிகம். ஆங்கிலேயர் இழப்பு ஒரு விமானமும் அதிலிருந்த மூன்று பேரும்.

காலையில் ஆங்கிலேயக் கப்பல்கள் கடலில் மிதந்தவர்களை எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெர்மானிய விமானங்கள் வந்தன. கன்னிங்ஹாம் மீட்பை நிறுத்திவிட்டுப் புறப்பட்டார், ஆனால் இடத்தைக் குறிப்பிட்டு இத்தாலியத் தலைமையகத்துக்கு மறைகுறியில்லாத வெளிப்படைச் செய்தி அனுப்பினார். மருத்துவக் கப்பல் 'கிராடிஸ்கா' வந்து 160 பேரை உயிரோடு எடுத்தது. நீரில் இரண்டு மூன்று நாட்கள் கிடந்தவர்கள் அவர்கள். கிரேக்க டெஸ்ட்ராயர்களும் நூறு பேருக்கு மேல் மீட்டன.

தோற்ற பிறகு காரணம் தேடுவது எல்லா நாட்டு வழக்கம்தான். இத்தாலியில் போருக்குப் பின் பெரிதாக ஓடிய பேச்சு துரோகம் பற்றியது: கடற்படைத் தலைமையகத்தில் யாரோ விற்றுவிட்டார்கள், வாஷிங்டனில் ஒரு பெண் உளவாளி இத்தாலியக் கடற்படை அதிகாரியிடமிருந்து குறியீட்டுப் புத்தகத்தைப் பெற்றுவிட்டாள் என்றெல்லாம். வழக்கு மன்றம்வரை போன கதைகளும் உண்டு. எனிக்மா உடைக்கப்பட்ட ரகசியம் 1970களில் வெளிவந்தபோதுதான் துரோகி யாரும் தேவையில்லை என்று புரிந்தது. ஆனால் எனிக்மாவையும் மிகைப்படுத்தக் கூடாது. அது கன்னிங்ஹாமைக் கடலுக்குக் கொண்டுவந்தது, அவ்வளவே. இரவு 10:25க்கு ஸாரா அவர் பீரங்கிக்கு முன்னால் வந்ததற்கு எனிக்மா காரணமில்லை.

ராடார் விஷயம்தான் எனக்கு அதிக வருத்தம் தருவது. இத்தாலியிடம் ராடார் அறிவு இல்லாமலில்லை. லிவோர்னோவில், போலா பிறந்த அதே ஊரில், கடற்படையின் மின்தொடர்பு ஆய்வு நிலையத்தில் உகோ திபேரியோ என்ற பொறியாளர் 1930களின் நடுப்பகுதியிலிருந்தே அதில் உழைத்துக்கொண்டிருந்தார். பணமும் ஆட்களும் மிகச் சொற்பம். மேலிடத்துக்கு அதில் அவசரம் தோன்றவில்லை. மாட்டபான் முடிந்து சில வாரங்களில், 1941 ஏப்ரலில், அவருடைய கருவி ஒன்று 'கரினி' என்ற டார்பிடோப் படகில் ஏற்றிச் சோதிக்கப்பட்டது. அதன் பிறகுதான் பணம் வந்தது. அந்த வழியில் உருவான 'குஃபோ' ராடார் போர்க்கப்பல்களில் ஏறியது 1942க்குப் பிறகு. விமானந்தாங்கிக் கப்பல் நமக்கு வேண்டாம், இத்தாலியே ஒரு விமானந்தாங்கிக் கப்பல்தான் என்று பேசியவர்கள், இதற்குப் பிறகு 'ரோமா' என்ற பயணிகள் கப்பலை ஜெனோவாவில் 'அக்விலா' என்ற விமானந்தாங்கியாக மாற்றத் தொடங்கினார்கள். அது கடைசிவரை முடியவில்லை.

அந்தப் பயணத்தில் சேராமல் இருந்ததால் தப்பிய சகோதரி கோரிட்சியா. அது 1943 ஏப்ரலில் லா மத்தலேனாவில் அமெரிக்க விமானங்களிடம் பலத்த அடி வாங்கி, பழுதுக்காக லா ஸ்பெட்ஸியாவுக்குப் போய், அங்கே இத்தாலி சரணடைந்தபோது ஜெர்மானியர் கையில் சிக்கி, போருக்குப் பின் பழைய இரும்பாக உடைக்கப்பட்டது. நான்கு கப்பல்களுக்கும் முதல் உலகப் போருக்குப் பின் இத்தாலியுடன் சேர்ந்த ஊர்களின் பெயர்களைத்தான் வைத்திருந்தார்கள். ஸாரா, ஃபியூமே, போலா மூன்றும் இன்று குரோவேஷியாவின் ஸதார், ரியேகா, பூலா. கோரிட்சியா நகரம் மட்டும் இத்தாலியிடமே இருக்கிறது.